அப்பாவின் பெயரில் உன் மூச்சு

தினேஷ்,

ஞாயிற்றுக்கிழமை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, பையில் இரண்டு யூனிஃபார்மை மட்டும் திணித்துக்கொண்டு, படப்பையில் உன் நண்பர்கள் அறைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சரியாகப் பேசியிருக்க மாட்டேன். என் பேச்சுக்குள் எப்போதும் ஒரு வகுப்பறை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் படித்துவிட்டார். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. உன்னோடு தங்கியிருக்கும் மூன்று பேரும் படிக்கலாம். அவர்களும் உங்கள் கம்பெனிதான். அவர்களிலும் யாராவது யாருக்காவது இதைச் செய்திருப்பார்கள்.

நான் கேட்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள், வியாழக்கிழமை, கம்பெனிக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வேன் வருகிறது. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் நீ அப்பாவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொப்பியும் முகக்கவசமுமாக அவருடைய இடத்தில் போய் நின்று, மூச்சை அளக்கும் குழாயில் ஊதினாய். இந்த வருடமும் ஊதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாய். ஊதாதே. அவர் மூச்சை அவரே ஊதட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அதற்கான பதில்தான் மீதிக் கடிதம்.

நான் ஆன்லைனில் ஒரு படிப்பில் சேர்ந்தபோது நீயும் அப்பாவும் எவ்வளவு கேலி செய்தீர்கள்! இருபத்திரண்டு வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள், தண்டலம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால், மனித உடலில் நோய் எப்படித் தொடங்குகிறது, எப்படி வளர்கிறது என்ற பாடத்தில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பதினாறு வாரம். வாரம் ஒரு பாடம், ஒரு தேர்வு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் மேடம் திரையில் வருவார். நான் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். “இன்னா டீச்சரே, இன்னிக்கு இன்னா சீக்கு?” என்பார். “கல்லீரல்” என்பேன். “அது நமக்கு இல்ல, ஒன் பெரியப்பனுக்கு” என்று போய்விடுவார். ஏழாம் வாரம் நுரையீரல். அன்று என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் பின்வாசல் பக்கம் போய்விட்டார். நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டேன். அந்த வாரத் தேர்வில் எனக்கு இருபதுக்கு இருபது. அதை எழுதி முடித்து நிமிர்ந்தபோது பின்வாசலில் அவர் இருமிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டுதான் மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பாடத்தில் ஒன்று சொன்னார்கள். உனக்குத் தெரிய வேண்டியது என்பதால் எழுதுகிறேன். நுரையீரலுக்குள் தூசி போனால் அதை விழுங்கி அழிக்க அங்கே சில செல்கள் இருக்கின்றன. சாதாரணத் தூசியை அவை முடித்துவிடும். மணலின் மிக நுண்ணிய தூளை விழுங்கத்தான் முடியும், கரைக்க முடியாது. விழுங்கிய செல் செத்துவிடும், தூள் அப்படியே வெளியே வந்து விழும். அடுத்த செல் வந்து அதே தூளை விழுங்கும், அதுவும் சாகும். இப்படி ஒவ்வொன்றும் செத்து விழுந்த இடத்தில் உடம்பு தழும்பு போட்டுக்கொண்டே வரும். சுருங்கி விரிய வேண்டிய இடம் தோல்செருப்புபோல இறுகிவிடும். போன இடம் திரும்பி வராது. தூசியிலிருந்து விலகினால் மிச்சம் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், அதுவும் சிலருக்குத்தான். இப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும் என்றும் சொன்னார்கள். உன் அப்பா பத்தொன்பது வருடமாக என்ன செய்கிறார்? மணல் அச்சில் வார்த்த இரும்பை எடுத்து, ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டரால் தேய்த்து எடுக்கிறார். அதற்கு ஃபெட்லிங் என்று பெயர். அவருடைய சட்டையை ஊறவைக்கும் வாளியின் அடியில் வண்டல் தங்கும். நான் அதைக் கையால் வழித்து எறிந்திருக்கிறேன். இருபதுக்கு இருபது வாங்கிய அன்று எனக்கு அந்த வாளி ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், நம் வீட்டுக் கோப்பில் ஒரு காகிதம் இருந்தது. போன வருடத்துப் பரிசோதனைக் காகிதம். அதன் கடைசி வரியில் ‘நுரையீரல் செயல்பாடு இயல்பு’ என்று இருந்தது. உனக்குத் தெரியும், எனக்குக் காகிதம்தான் கடவுள். என் தம்பி பத்தொன்பது வயதில் காமாலையில் செத்தான். மூன்று வாரம் வேர் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், யார் யாரோ வந்து கண்ணைப் பார்த்து இறங்கிவிட்டது என்றார்கள். ஒருவரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் எந்த வலிக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி, “ரிப்போர்ட் எங்கே?” அப்பா இரண்டரை வருடத்துக்கு முன்னால் முதல்முறையாக, “நெஞ்சு ஒரு மாதிரியா கீது” என்றபோதும் அதைத்தான் கேட்டேன். “ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? சும்மா சொல்லாதீங்க மாமா. ரிப்போர்ட் வரட்டும்” என்றேன். ரிப்போர்ட் வந்தது. அது உன் மூச்சு என்று எனக்குத் தெரியாது. இயல்பு என்று இருந்ததும், மூச்சு வாங்குவது சோம்பேறித்தனம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததை நீ முழுதாகப் பார்த்ததில்லை, ஷிஃப்டுக்குப் போய்விடுவாய். ஒரு வருடம் அவரை நான் ஏரிக்கரையில் நடக்கவைத்தேன். அவருக்கு விடுமுறையான ஒவ்வொரு நாளும், காலையில், வேகமாக. “உங்க லங்ஸ் இருபத்தஞ்சு வயசுப் பையன் லங்ஸ் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கான், நடங்க” என்றே சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டு நடந்தார் என்று இப்போது நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை. பாதி வழியில் நிற்பார். தண்ணீரில் கொக்கைக் காட்டுவார். யாராவது தெரிந்தவர் எதிரே வந்தால், “இன்னாபா, எப்டி கீற?” என்று அவரைப் பேசவிட்டுத் தான் கேட்டுக்கொண்டு நிற்பார். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். “வேடிக்கை பாக்கத்தான் வந்தீங்களா?” என்பேன். சிரிப்பாரே தவிர பதில் சொல்ல மாட்டார். பதில் சொல்ல அவரிடம் காற்று இல்லை.

பத்தாம் வாரம் ஒரு பயிற்சிக் கட்டுரை கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை, அவர் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய தொந்தரவிலிருந்து தொடங்கி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று விளக்குங்கள் என்று. நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். சம்மதம் கேட்டபோது, “எழுதிக்கோ, என்னை வச்சாவது ஒனக்கு வேல கெடைக்கட்டும்” என்றார். அவருடைய வயது, உயரம், வேலை, போன வருடத்து எண்கள் எல்லாவற்றையும் நிரப்பினேன். நோயாளி தன் தொந்தரவைத் தன் வார்த்தைகளில் சொல்வதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதையும் நானே நிரப்பினேன். ‘உழைப்பின்போது மிதமான மூச்சுத்திணறல், உடற்பயிற்சிக் குறைவால் இருக்கலாம்.’ அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. டாக்டர் மேடம் இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தார். ஒன்று, இந்த எண்களும் இந்தத் தொந்தரவும் ஒரே ஆளுடையவையாகத் தெரியவில்லை, சரிபாருங்கள். இரண்டு, இவை நோயாளியின் வார்த்தைகள் அல்ல, அவரிடம் கேட்டீர்களா? முதல் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள உனக்கு இது போதும்.

கோப்பைக் கொட்டி எல்லாக் காகிதத்தையும் எடுத்தேன். ஒரே மூச்சில் வெளியே தள்ளும் காற்று, மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த வருடம் நான்கு லிட்டர் தாண்டிவிட்டது. ஐம்பது வயதில் ஒருவருக்கு நுரையீரல் ஒன்றரை லிட்டர் வளராது. அந்தக் காகிதத்தை வாங்கிய அன்றே என்னிடம்தான் நீ கொடுத்தாய். கம்பெனியில் யாரும் இரண்டு வருடத்துக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் கடைசி வரியைத்தான் படித்தேன். பிறகு உன்னுடைய காகிதத்தை எடுத்தேன். அதே நாள். எண்களில் துளி வித்தியாசம். மூச்சை வரைந்திருக்கும் கோடு ஏறி இறங்குகிற இடத்தில் உனக்கு ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது, அதே பள்ளம் அப்பாவின் காகிதத்திலும். இரண்டையும் ஜன்னல் கண்ணாடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன். ஒன்றாகவே இருந்தன.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா பார்த்தவுடன், “பாத்தியாடா, டீச்சர் நம்ம பேப்பரத் திருத்திட்டாங்க” என்றார். நீயும் முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினாய். “பெரிய மேட்டர் இல்லம்மா. கம்பெனி ஷாப்ல எல்லாரும் பண்றதுதான். கண்ணுக்குக் குமாரு, காதுக்குச் சேகரு, மூச்சுக்கு நானு. வேன்ல கீறவன் கழுத்துல கீற டேக்கதான் பாப்பான், மூஞ்சியவா பாக்குறான்?” அப்பா, “சக்கரைய உட்டுட்டியே” என்றார். “அதுக்கு டிரெய்னி பசங்க கீறானுங்க. ஒரு பாட்டில் யூரின்ல நாலு பேரு பாஸாயிடுவாங்க” என்றாய். நானும் சிரித்திருப்பேன். அப்பாவின் சிரிப்பு இருமலாக மாறியது. அது நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியும். நீ தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் இரண்டு காகிதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நான், “நீ செஞ்சது திருட்டு” என்றேன். உன் முகம் மாறியது. “ஏகாம்பரம் அண்ணனுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியும்ல? அன்ஃபிட்டுன்னு ஒரு வார்த்த எழுதினானுங்க. மறுநாள் கேட்ல டேக்கத் தேய்ச்சா சிவப்பு லைட்டு. லெட்டரு இல்ல, பேச்சு இல்ல. கம்பெனி பஸ்ல வந்தவரு அதே பஸ்லயே திரும்பிட்டாரு. அப்பாவும் அந்த லைட்டப் பாக்கணுமா? ஒனக்கு வேணும்னா பாரு. என்னால முடியாது.” நான் விடவில்லை. “அதுக்காக அவர் நோயை மறைப்பியா?” என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: “நான் அவருக்கு மூச்சு குடுத்தேன். நீ இன்னா குடுத்த? மார்க்குதான் குடுத்த.”

 அதை இன்றும் நான் மறுக்கவில்லை. நீ ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு உன் விடைத்தாளை நகர்த்திக் காட்டினாய். மேற்பார்வையில் இருந்தது நான். என் பிள்ளை என்பதாலேயே உன்னை மட்டும் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போனேன், காட்டச் சொன்னவனை விட்டுவிட்டேன். நேர்மை என்று நினைத்தேன். அதில் பாதி, மற்ற ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்கிற பயம். அன்று சாயங்காலம் அப்பா, “ஒருத்தனுக்கு ஒத்தாச பண்ணிகிறான் பையன், அதுக்குப் போயி இம்மாம் பெரிய தண்டனையா?” என்று கேட்டார். நான் அவரிடமும் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு நீ தப்பு செய்வதை நிறுத்தவில்லை, என்னிடம் சொல்வதை நிறுத்தினாய். உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு தனிப் பேச்சு உண்டானது அப்போதுதான். நான் அறைக்குள் வந்தால் அது நிற்கும். இந்த இரண்டு வருட ரகசியத்துக்கு அஸ்திவாரம் நான் போட்டது. நீ மறைத்தாய் என்று கோபப்படும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, பள்ளியிலிருந்து வந்ததும் அந்த இரண்டாவது குறிப்பை எடுத்தேன். அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நோட்டும் பேனாவுமாகப் போய் எதிரில் உட்கார்ந்தேன். “இன்னா டீச்சரே, எனக்கே பரிச்சையா?” என்றார். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். “தப்பா சொன்னா மார்க்கு கொறைப்பியா?” “இதுல தப்பான பதில் கிடையாது மாமா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் மொச்சையையே உரித்தார். நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிறகு பேசினார். நான் எழுதியதை அப்படியே உனக்குத் தருகிறேன். நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார், அந்த இடைவெளிகளை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

“மூச்சு உள்ள போவுது. பாதி வழில யாரோ கதவச் சாத்திட்ட மாதிரி நின்னுடுது. பஸ்ஸுல ஏறி ஒக்காந்ததும் கண்ண மூடிக்குவேன். தூங்குறான்னு உட்ருவானுங்க. ஒங்க அண்ணன் போன் பண்ணா ‘ம்’முனு மட்டும் சொல்றேன்ல, எனக்குத் திமிரு ஏறிப்போச்சுன்னு பேசிக்கிறாங்களாம். பேசிக்கட்டும். ஒரு வார்த்த பேசினா அடுத்த வார்த்தைக்குக் காத்து பத்தல, அத எப்டி போன்ல சொல்றது? கையி நல்லா கீது. கிரைண்டரு புடிச்சா நடுங்கல. அதான் வண்டி ஓடுது.” இரண்டரை வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட, ‘என்ன மாதிரி?’ என்ற கேள்விக்கு, கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால், அன்றே இந்தப் பதில் வந்திருக்கும்.

அதோடு முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடப் போனேன். அவர்தான் தொடர்ந்தார். “தினேஷு மொதோ தபா எனக்காக ஊதினப்போ பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். அந்தக் கோடு மேல போச்சு பாரு, எம்மாம் ஒசரம்! எம் புள்ள மூச்சுடா இதுன்னு கத்தலாம் போல இருந்துச்சு.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “போன வாரம் சூப்பர்வைசர் கூப்ட்டு சொன்னாரு. ஒம் பையன் கன்ஃபர்ம் ஆனா ஃபெட்லிங்கு தான், ஒன் எடம் பக்கத்துலயே போட்ருவோம், சந்தோசமான்னு. சந்தோசம்னுதான் சொன்னேன். வேற இன்னா சொல்ல?”

தினேஷ், இதை நீ என்னிடம் சொல்லவில்லை. கன்ஃபர்மேஷன் வருகிறது, வேலை நிரந்தரமாகும் என்று சொன்னாய், எந்தப் பிரிவுக்கு, எந்த ஷாப்புக்கு என்று நான் கேட்கவும் இல்லை. இப்போது சரக்கு அனுப்பும் பகுதியில் இருக்கிறாய், அங்கேயே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பா இதைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல், மொச்சைத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்: “எனக்கு இன்னான்னு அவனுங்க எழுதினாதான் அந்தத் தூசி இருக்குதுன்னு அர்த்தம். எழுதலைன்னா அங்க தூசியே இல்ல. ரெண்டு வருசமா அங்க தூசி இல்லன்னு நானும் எம் புள்ளையும் சேந்து எழுதிக் குடுத்துகினு கீறோம்.”

பதினாறு வாரப் பாடத்திலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணுக்குக் குமாரும் காதுக்குச் சேகரும் மூச்சுக்கு நீயும் நின்றதில், அந்த ஷாப்பில் வேலை செய்யும் எல்லோரும் காகிதத்தில் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் குழாயை யார் சரிசெய்யப் போகிறார்கள்? துணி முகக்கவசத்துக்குப் பதில் சரியான கவசத்தை யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த இடத்துக்கு நற்சான்று கொடுத்திருக்கிறீர்கள். உனக்கு இருக்கும் நான்கு லிட்டரை வைத்துக்கொண்டு, அதே இடத்துக்குள் நீ நடந்துபோகப் போகிறாய். இருபது வருடம் கழித்து உனக்காக ஊத யாராவது ஒரு பையன் வருவான். நீயும் பெருமைப்படுவாய்.

நான் மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு இருப்பது மணல் தூசி நோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம். அவர் மூச்சை இரண்டு வருடமாக யாரும் அளக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். வெள்ளிக்கிழமை அவரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். படம் எடுக்கச் சொல்வார்கள், சளி கேட்பார்கள். அங்கே என்ன வேலை, எத்தனை வருடம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கம்பெனிச் சோதனையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு மட்டும் போகலாமே என்று நீ கேட்பாய். நானும் நேற்று அதைத்தான் சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “அங்க எழுதினது அங்கதான் மாறணும்” என்றார்.

இதில் உனக்கு என்ன போகும் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை அவர் ஊதினால் கோடு பாதிகூட ஏறாது. போன வருடம் நான்கு, இந்த வருடம் இது எப்படி என்று யாராவது கேட்கக்கூடும். மிஷின் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் யோசனை. நான் அதற்கும் வேண்டாம் என்றேன், எங்களுக்குள் மறுபடி சண்டை. அவர் உன்னை மட்டும் வெளியே விட்டுவிடப் பார்க்கிறார். கேட்டால் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய். உண்மையைச் சொன்னால் உன் கன்ஃபர்மேஷன் போகலாம். உன் டேக்குக்கும் சிவப்பு லைட் எரியலாம். எரியாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல இனி உனக்குச் சொல்ல மாட்டேன். வேலை போனால் நம் வீட்டுக்கு வா. மறைமலை நகரிலிருந்து தண்டலம் வரை எத்தனையோ கேட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உனக்குத் திறக்க மூன்று மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம். அந்த ஒரு வருடம் நான் ரிப்போர்ட் எதுவும் கேட்காமல் உனக்குச் சோறு போடுவேன்.

நீ அவருக்கு மூச்சு கொடுத்ததாகச் சொன்னாய். நீ அன்பினால் செய்தாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை திருட்டு என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் நீ கொடுத்தது அவர் நெஞ்சுக்குள் ஒரு துளியும் போகவில்லை, காகிதத்துக்குத்தான் போனது. நானும் அவருக்குக் காகிதத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த விதத்தில் நீ என் பிள்ளைதான்.

இதை உன்னிடம் யார் சொல்வது என்று நேற்றே கேட்டேன். “நீயே எழுது. நான் சொன்னா அவன் அழுதுடுவான், அப்புறம் நானும் ஊதுன்னு சொல்லிடுவேன்” என்றார். அதனால் இதை அவர் கையால் வாங்கும்போது அவரிடம் வாதம் செய்யாதே. அவருடைய அட்டையைக் கேட்காதே. கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார், எனக்கு அவரைத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் கேன்டீனுக்குப் பக்கத்தில் வேன் நிற்கும், வரிசை நீளும். உன் பெயரைக் கூப்பிட்டால் போய் உன் மூச்சை ஊதிவிட்டு வந்து ஓரமாக நில். அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் போவார். மூன்று முறை ஊதச் சொல்வார்கள். முதல் தடவையில் சரியாக வரவில்லை என்று சத்தம் போடுவார்கள், இன்னும் ஊது, இன்னும் ஊது என்பார்கள். பின்னால் நிற்பவர்கள் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு அவருக்கு இருமல் வரும், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். அப்போது உன் கால் தானாக முன்னால் போகும். போக விடாதே.

அம்மா